எஃப்.இ.எம்.எம். 4.2: குவாட்ருபோல் காந்த வடிவமைப்பில் எதுவரை நம்பலாம்?

துகள் முடுக்கியில் துகள் கற்றையைக் குவிக்கும் நான்கு முனைக் காந்தம்தான் குவாட்ருபோல். அதன் முனை வடிவத்தை முடிவு செய்ய, காந்தப்புலத்தை இரு பரிமாணத்தில் கணக்கிடும் எஃப்.இ.எம்.எம். (FEMM) என்ற இந்த இலவச மென்பொருள் தாராளமாகப் போதும். வரைபடம் ஓசூர் பட்டறைக்குப் போன பிறகுதான் இது கைவிடும் இடங்கள் தெரியும்.

முதலில் கைக்கணக்கு. துளை ஆரம் 20 மி.மீ., புலச்சரிவு (மையத்திலிருந்து தள்ளிப்போகப் போகப் புலம் கூடும் வீதம்) மீட்டருக்கு 10 டெஸ்லா என்றால் முனைக்குச் சுமார் 1,592 ஆம்பியர்-சுற்று (மின்னோட்டம் × சுற்று எண்ணிக்கை). 40 சுற்று, 40 ஆம்பியர் வைத்துக்கொள்ளலாம். மையத்திலிருந்து 10 மி.மீ. தள்ளி 0.1 டெஸ்லா வர வேண்டும். 0.05 வந்தால் சுருளைப் பாதியாக்கியிருப்பீர்கள். காந்தம் சமச்சீரானது என்பதால் எட்டில் ஒரு பங்கை வரைந்தாலே போதும்; அப்படி வரையும்போது பாதியாவது முனைதான். சுருளின் ஒரு பக்கம் முழுசாக உள்ளே இருக்கிறது, 40 சுற்றும் அதற்கே.

முனை நடுவே போகும் 45 பாகைக் கோட்டில் வெக்டர் பொட்டென்ஷியலை (மென்பொருள் முதலில் கணக்கிடும் அளவு, புலம் இதிலிருந்துதான் வரும்) பூஜ்யமாகக் கொடுங்கள். கிடைக்கோட்டில் எந்த எல்லை நிபந்தனையும் கொடுக்காதீர்கள். மாற்றிப் போட்டாலும் கணக்கு சத்தமில்லாமல் ஓடி முடியும், விடை மட்டும் குப்பை.

சுருளுக்கு இடம்விட முனையின் ஹைபர்போலா வளைவை வெட்டுவதால் 12-துருவப் பிழை (12 முனைக் காந்தம் தருவது போன்ற தேவையற்ற புலம்) கலந்து வரும். மென்பொருள் பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும்; ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் புலம் ஒரே மதிப்புதான். அதனால் துளைக்குள் மெஷ்ஷை (முக்கோண வலையை) 0.5 மி.மீ.க்குக் குறைத்து, 13 மி.மீ. வட்டத்தில் புலத்துக்குப் பதில் பொட்டென்ஷியலை எடுத்து, ஃபூரியே முறையில் துருவ வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

இரும்பை வெட்டும் ஒயர்கட் இயந்திரத்துக்குக் கோப்பு கொடுக்கும்போது வளைவு நேர்கோட்டுத் துண்டுகளாகப் போகும். 2 மி.மீ. துண்டு என்றால் முனை உச்சியில் 25 மைக்ரான் தவறும், 1 மி.மீ. என்றால் 6.

இரும்பு விஷயத்தில் மென்பொருள் ரொம்ப நல்ல பிள்ளை. மின்சாரம் நின்ற பிறகும் இரும்பில் தங்கும் எஞ்சு காந்தத்தைக் கணக்கில் எடுக்காது. பட்டறையில் சட்டென்று கிடைக்கிற EN8 எஃகைப் போட்டால், கார்பன் அதிகம் என்பதால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் புலம் மிஞ்சும். 1010 போன்ற குறைகார்பன் எஃகையே கேளுங்கள். இரு பரிமாணம் என்பதால் நீளவாக்கும் இதற்குத் தெரியாது, ஓரங்களில் வெளியே பரவும் புலத்தைக் காட்டாது: 200 மி.மீ. இரும்பு, கற்றைக்கு ஏறத்தாழ 220 மி.மீ. ஆகத் தெரியும்.

காந்தத்தின் மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்தால் 8-துருவப் பிழை முளைக்கும். எட்டில் ஒரு பங்கு மாதிரியில் இது தெரியவே தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கருங்கல்லுக்குக் குறைவில்லை. இணையும் முகங்கள் சமமா என்று கிரானைட் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமான சமதளக் கல்) வைத்து டயல் கேஜ் ஓட்டிப் பாருங்கள். பெயின்ட் அடிப்பவரிடம், இணையும் முகங்களுக்கு முதலில் டேப் ஒட்டச் சொல்லிவிடுங்கள்; பெயின்ட் படிந்தாலும் இடைவெளிதான்.