டேப்பிங் உண்மையிலேயே பதற்றத்தைக் குறைக்கிறதா? இரண்டு வருஷத்துக்கு மேல் செய்துபார்த்த அனுபவம்

மனசில் இருக்கிற பயத்தை வாயால் சொல்லிக்கொண்டே முகத்திலும் உடம்பிலும் சில புள்ளிகளை விரலால் தட்டுவதுதான் டேப்பிங், இஎஃப்டி (Emotional Freedom Techniques) என்றும் சொல்வார்கள். இந்த முறையை நான் ஆரம்பித்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குப் பயன்படுகிறது, இன்றும் செய்கிறேன். எதற்கு உதவுகிறது, எந்த நேரத்தில் கைகொடுக்காது என்று பிரித்துச் சொன்னால் புதிதாக முயற்சி செய்பவர்களுக்குத் தெளிவாக இருக்கும் என்பதால்தான் எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை. மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் 3பி என்று ஜிஎஸ்டி கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும். பார்ட்டிகள் பில் அனுப்புவது 18-ஆம் தேதி ராத்திரி, அப்புறம் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் இது உள்ளதுதான். ஆனால் எனக்கு ஒரு கட்டத்தில் தேதி நெருங்கினாலே நெஞ்சு படபடவென்று அடித்து, உள்ளங்கை வியர்த்து, நடு ராத்திரியில் விழிப்பு வந்து, வராத நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது போல மனசு ஓட ஆரம்பித்தது. டாக்டரிடம் போனேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல், இது ஆங்சைட்டி என்றார். தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். தைராய்டு அதிகமாக இருந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும், அதை விரலால் தட்டிச் சரிசெய்ய முடியாது. டாக்டர் அனுப்பிய கவுன்சலர்தான் எனக்கு டேப்பிங்கைக் காட்டினார்.

இதன் கதை சுருக்கமாக இதுதான். 1980-இல் கலிபோர்னியாவில் ரோஜர் கலஹன் என்ற உளவியலாளர், தண்ணீரைக் கண்டாலே பயப்படும் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை கொடுத்துவந்தார். பயம் வயிற்றில் தெரிகிறது என்று அந்தப் பெண் சொல்லவும், சீன மருத்துவத்தில் வயிற்றோடு தொடர்புபடுத்தப்படும், கண்ணுக்குக் கீழே இருக்கிற புள்ளியைத் தட்டச் சொன்னார். பயம் போய்விட்டது என்பது கலஹன் சொன்ன கதை. அவர் ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒவ்வொரு வரிசை வைத்திருந்தார். அவரிடம் கற்ற கேரி கிரெய்க் என்ற பொறியாளர் 90-களில் அதையெல்லாம் ஒரே வரிசையாக எளிமையாக்கினார். இன்று யூடியூபில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் அதன் வழிவந்ததுதான்.

நான் செய்வது இப்படி. முதலில் பயத்துக்கு 0-விலிருந்து 10-க்குள் ஒரு மார்க் போட்டுக்கொள்வேன். சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தை மற்ற கை விரல்களால் தட்டிக்கொண்டே, "3பி இன்னும் போகல, பயமா இருக்கு, வயிறு கலக்குது, இருந்தாலும் என்னை நான் அப்படியே ஏத்துக்கறேன்" என்று மூன்று தடவை சொல்வேன். அப்புறம் புருவம் தொடங்கும் இடம், கண்ணின் வெளி ஓரத்து எலும்பு, கண்ணுக்குக் கீழ் எலும்பு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், கழுத்துக்குக் கீழே காறையெலும்பு, அக்குளுக்கு ஒரு கை அகலம் கீழே, கடைசியாக உச்சந்தலை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு தட்டு, தட்டும்போதே "இந்தப் பயம், இந்த வயித்துக் கலக்கம்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். மறுபடி மார்க். 8 இருந்தது 5 ஆகும், இன்னொரு சுற்றில் 3 ஆகும். 0 வரை போவது எனக்கு அபூர்வம், அது தேவையும் இல்லை, 3 இருந்தால் உட்கார்ந்து வேலை பார்த்துவிடலாம்.

இத்தனை நாளில் நான் கண்ட முக்கியமான விஷயம் ஒன்று. "டென்ஷனா இருக்கு" என்று பொதுவாகச் சொல்லித் தட்டினால் ஒன்றும் நடக்காது, சும்மா கை வலிக்கும். 2பி என்கிற ஜிஎஸ்டி அறிக்கையில் ஐடிசி (வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) டேலி ஆகவில்லை என்று ஒரு பார்ட்டி அனுப்பிய மெயில், அதிலும் "நீங்கள்தானே பொறுப்பு" என்று முடியும் அந்த ஒரே வரி, அதைப் படித்ததும் தொண்டையில் ஏறிய இறுக்கம், இப்படித் துல்லியமாகப் பிடித்தால்தான் கொட்டாவி வரும், தோள் தளரும், மூச்சு தானாக நீளும். மாசக் கணக்கில் தூக்கிச் சுமந்த பெரிய கவலையைவிட இந்த மாதிரித் துண்டுகளில்தான் இது நன்றாக வேலை செய்கிறது.

சரி, புள்ளிகளில்தான் மகிமையா? எனக்கு அப்படிப் படவில்லை. 2003-இல் வெளிவந்த வெயிட், ஹோல்டர் இருவரின் ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 119 பேரைப் பிரித்து, ஒரு குழுவை சரியான புள்ளிகளிலும், இன்னொன்றைக் கையில் சம்பந்தமில்லாத இடங்களிலும், மூன்றாவதை ஒரு பொம்மையின் மேலும் தட்டவைத்தார்கள். மூன்று குழுவுக்குமே பயம் குறைந்தது, தட்டவே செய்யாத குழுவுக்குத்தான் குறையவில்லை. இன்னொரு பக்கம், 2012-இல் டாசன் சர்ச் குழுவினர் 83 பேரிடம் நடத்திய ஆய்வில் ஒரு மணி நேர டேப்பிங்குக்குப் பிறகு மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் சுமார் 24 சதவீதம் குறைந்தது, டேப்பிங் செய்யாத மற்ற இரண்டு குழுக்களில் 14 சதவீதம் அளவில்தான். ஆனால் சர்ச் தானே இந்த முறையைப் பரப்புகிறவர், அதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். பயத்தை ஒளிக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த நேரத்தில் உடம்பு பத்திரமாக இருக்கிறது என்று கையும் மூச்சும் சேர்ந்து காட்டுவதால்தான் இது வேலை செய்கிறது என்பது என் எண்ணம். அதனால் புருவத்தில் அரை விரல்கடை தள்ளித் தட்டிவிட்டோமே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, "பிள்ளையாருக்கு முன்னாடி குட்டிக்கற மாதிரிதானே" என்றார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் அவர் அப்படிச் சொன்ன பிறகு வீட்டில் வைத்துச் செய்யக் கூச்சம் போய்விட்டது.

ஆபீஸில் அப்படி இல்லை. "என்னங்க்கா, தலை வலிக்குதுங்களா?" என்று பக்கத்து சீட்டுத் தம்பி கேட்கிறான். அதனால் வெளியிடத்தில் காறையெலும்பை மட்டும் இரண்டு விரலால் மெதுவாக அழுத்திக்கொண்டு மனதுக்குள் சொல்வேன், இல்லாவிட்டால் மேஜைக்குக் கீழே உள்ளங்கை ஓரம். பஸ்ஸில் குமட்டல் வந்தால் மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல்கடை மேலே, உட்புறம் நடுவில் அழுத்துவது பழைய அக்குபிரஷர் வழக்கம், அதையும் செய்வதுண்டு. கர்ப்பிணியாக இருந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, கணுக்காலுக்கு மேலே உட்புறம் ஆகிய புள்ளிகளை அழுத்தக் கூடாது என்று அந்த மரபிலேயே சொல்கிறார்கள், கவனியுங்கள்.

கைகொடுக்காத இடங்கள்: பதற்றம் உச்சத்துக்குப் போய் மூச்சே திணறும்போது தட்டவும் வராது, வார்த்தையும் வராது. அந்த நேரம் நான் எழுந்து நடந்து, மூச்சை மெதுவாக நீளமாக வெளியே விட்டு, கொஞ்சம் அடங்கின பிறகுதான் தட்டுவேன். அடுத்து, பழைய பெரிய காயங்கள். அப்பா இறந்த நாளை வைத்து ஒரு ராத்திரி தனியாகத் தட்டினேன், அழுகை கிளம்பி விடியும் வரை அடங்கவில்லை. விபத்து, வன்முறை, இழப்பு போன்றவற்றை ஒரு நல்ல கவுன்சலர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தொடுங்கள். அப்புறம், டேப்பிங் சொல்லித்தருகிறேன் என்று வந்து மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஏனென்றால் அதை நம்பித் திடீரென்று மருந்தை நிறுத்தியவர்கள் படுகிற பாடு பெரியது. மாற்ற வேண்டுமானால் மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். ராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம், இலவசம்.

செலவு என்று பார்த்தால் எதுவும் இல்லை, காசு கட்டிக் கற்றுக்கொள்கிற அளவுக்கு இதில் ரகசியமும் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நகத்தை வெட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, 4 அல்லது 5 மார்க்கில் இருக்கிற ஒரு சின்ன எரிச்சலை எடுத்துக்கொள்ளுங்கள், கரண்ட் பில் கட்ட மறந்தது மாதிரி ஏதாவது. அதில் மார்க் இறங்குவதை நீங்களே ஓரிரு வாரம் பார்த்த பிறகு பெரியவற்றுக்குப் போகலாம். அத்தனை நாளிலும் இறங்கவே இல்லை என்றால் இது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டு, கவுன்சலரிடம் வேறு வழி கேளுங்கள்.