சத்தம் வருமுன் ராட் பேரிங் மாற்றினேன்: இ92 எம்3 வி8 அனுபவம்

என்னிடம் இருப்பது 2009 மாடல் பிஎம்டபிள்யூ இ92 எம்3. 4 லிட்டர் வி8, 8,300 ஆர்பிஎம்மில் 420 குதிரைத்திறன். இங்கிலாந்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். எந்தச் சத்தமும் இல்லாமல், எந்த விளக்கும் எரியாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த இன்ஜினின் அடிப்பக்கத்தைத் திறந்து கனெக்டிங் ராட் (பிஸ்டனை, சக்கரங்களுக்குச் சுழற்சி தரும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கிற கம்பி) பேரிங் எல்லாவற்றையும் மாற்றி, அதற்கப்புறம் சில வருடங்கள் ஓட்டியும் ஆகிவிட்டது. இந்த வண்டியை வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பதே இதுதான், மாற்றணுமா வேண்டாமா என்று. மாற்றுங்கள். தட்டும் சத்தம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டால் அநேகமாக கிராங்க் ஷாஃப்டிலும் கீறல் விழுந்திருக்கும், அப்புறம் அது பேரிங் செலவு இல்லை, இன்ஜின் செலவு.

இது குண்டு உருளும் பேரிங் இல்லை. கிராங்கைச் சுற்றி இரண்டு அரைவட்ட ஷெல், நடுவில் ஒரு மெல்லிய ஆயில் படலம், அவ்வளவுதான். அந்தப் படலம் இருக்கிறவரை உலோகமும் உலோகமும் தொடாது. கிராங்கில் ராட் உட்காரும் இடத்தின் விட்டம் சுமார் 52 மி.மீ. விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி விடு என்பது இன்ஜின் கட்டுகிறவர்களின் பழைய கணக்கு, அப்படிப் பார்த்தால் 0.05 மி.மீ. வரணும். இந்த இன்ஜினைப் பிரித்து அளந்தவர்களுக்குக் கிடைப்பதோ 0.03 மி.மீ.யை ஒட்டி. அதில் 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில், அதுவும் ஜனவரிக் காலையில். பேரிங் சீக்கிரம் தேய்வதற்கு இடைவெளிதான் காரணம், இல்லை ஆயில்தான், இல்லவே இல்லை, சூடாகாத இன்ஜினை முறுக்குகிறவர்கள்தான் காரணம் என்று மூன்று கட்சி இருக்கிறது. மூன்றும் சேர்ந்துதான் என்பது என் எண்ணம். இந்தப் பேச்சு இந்த வி8-ஓடு தொடங்கியதும் இல்லை. முந்தைய இ46 எம்3-இன் ஆரம்பகால வண்டிகளை நிறுவனமே திரும்ப அழைத்து ராட் பேரிங் மாற்றிக் கொடுத்தது. எம்5-இல் வந்த வி10-க்கும் இதே கவலை உண்டு.

ஆயில் பரிசோதனையை நம்பிக் காத்திருப்பவர்களுக்குத்தான் நான் முக்கியமாகச் சொல்லணும். மாற்றுவதற்கு முன்னால் நானும் ஆயிலை லேபுக்கு அனுப்பினேன், ஷெல் தேய்ந்தால் ஆயிலில் கலக்கிற ஈயம், செம்பு இரண்டும் கவலைப்படும்படி இல்லை என்றுதான் வந்தது. ஆனால் ஷெல்களைக் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தால், பலவற்றில் மேலே இருக்க வேண்டிய சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து அடியில் இருக்கும் செம்பு தெரிந்தது. ராட் பக்கத்து மேல் ஷெல்களில்தான் அதிகம். 8.8 லிட்டர் ஆயிலில், மெதுவாகத் தேய்ந்து கரைகிற உலோகம் அறிக்கையில் பெரிய எண்ணாகத் தெரியாமலே போகலாம். பிந்தைய வருட வண்டிகளில் ஈயமே இல்லாத ஷெல் என்பதால், ஈயத்தின் அளவைப் பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தமே இல்லை. அறிக்கை மோசமாக வந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள். நன்றாக வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். முந்தைய ஓனர் எப்படி ஓட்டினார் என்று எனக்குத் தெரிய வழியில்லை, அதனால் தேய்மானத்துக்கு யாரையும் குறை சொல்லவும் மாட்டேன்.

வேலை பெரிசு, ஆனால் இன்ஜினை வெளியே எடுக்க வேண்டாம். மேலிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, இன்ஜினுக்குக் கீழே இருக்கும் முன்பக்க சப்ஃப்ரேமை (உலோகச் சட்டம்) இறக்கி, ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைக் கழற்றி, கிராங்கைக் கையால் திருப்பித் திருப்பி ஒவ்வொரு ராடாக மாற்றுகிறார்கள். எட்டு ராட், பதினாறு ஷெல். ராட் போல்ட்டுகள் முறுக்கும்போது இழுபடுகிறவை, பழையதைத் திரும்பப் போடக் கூடாது, புதிசுதான். இவ்வளவு தூரம் கழற்றியாச்சு என்பதால் இன்ஜின் மவுண்ட்டையும் சம்ப் கேஸ்கெட்டையும் சேர்த்தே மாற்றிவிட்டேன், கூலி ஒன்றுதான். கடைசியில் வீல் அலைன்மென்ட். எல்லாம் சேர்த்து 2,000 பவுண்டைக் கொஞ்சம் தாண்டியது. இந்த இன்ஜின்களையே தினமும் பார்க்கிற ஆளிடம் கொடுங்கள், விலை குறைவு என்று பொது கராஜுக்குப் போகாதீர்கள்.

மாற்றிய பிறகு வண்டி வேறு மாதிரி ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பவர் அதிகமாகாது, குளிர்ந்த இன்ஜினில் வரும் டிக் டிக் சத்தமும் அப்படியேதான் இருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்தேன். அதற்கப்புறம் ஆயில் மாற்றக் கம்பெனி சொல்லும் நீண்ட கெடுவைப் பார்ப்பதில்லை, 6,000 மைலுக்கு ஒரு தடவை 10டபிள்யூ-60. ஆர்பிஎம் மீட்டரில் இருக்கும் அந்த விளக்குகள் ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும், அவை அணைகிறவரை நான் பாதிக்கு மேல் முறுக்குவதே இல்லை. புது பேரிங் போட்டாச்சே என்று இதை விட்டுவிட்டால் புதுசும் பழசு போன வழியில்தான் போகும். சூடான பிறகு மோட்டார்வே ஏறும்போது 8,000 வரைக்கும் தாராளமாக விடுகிறேன். இந்த இன்ஜினை வாங்குவதே அதற்காகத்தானே, பயந்து பயந்து 4,000-லேயே ஓட்டுவது அதற்குச் செய்கிற அநியாயம்.

ஏற்கெனவே பேரிங் மாற்றியது என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பில்லைக் கேளுங்கள். அதில் ஷெல்லின் பார்ட் நம்பரும் புது போல்ட்டும் தனித்தனியாக இருக்கணும், எத்தனை மைலில் மாற்றியது என்றும் இருக்கணும். நீங்களே மாற்றுவதானால் கழற்றிய ஷெல்களை சிலிண்டர் எண் எழுதிப் பையில் போட்டுத் தரச் சொல்லி முன்கூட்டியே பேசிவிடுங்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.