தடுப்புப் பெப்டைட்: சேர்த்து வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தா: "அக்கா, பிறபொருளெதிரியோட தடுப்புப் பெப்டைட்டையும் ஓடர் பண்ணட்டா?" கொழும்பில் பல வருடமாக இதைப் பாவிக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். பிறபொருளெதிரி (antibody) ஒரு குறித்த புரதத்தைத் தேடிப் பிடிக்கும். அது பிடிக்கிற துண்டை மட்டும் தனியாகச் செய்து விற்பதுதான் தடுப்புப் பெப்டைட்; முன்கூட்டியே கலந்து வைத்தால் பிடிக்கும் இடத்தை அடைத்துவிடும்.

வேலை என்னவோ சுத்தமாகச் செய்யும். 15 அமினோ அமிலப் பெப்டைட் கிட்டத்தட்ட 1.7 கிலோடால்டன் (மூலக்கூற்று எடையின் அலகு), ஐஜிஜி என்ற வழமையான பிறபொருளெதிரி 150. எடையில் 5 மடங்கு கலந்தாலே எண்ணிக்கையில் 400 மடங்கைத் தாண்டிவிடும். பிறபொருளெதிரியின் இரண்டு பிடிக்கும் இடங்களும் அடைபடும். கூட வரும் செய்முறைத் தாளில் 'அறை வெப்பநிலையில் அரை மணி நேரம்' என்று போட்டிருப்பார்கள். கொழும்பில் ஏசி நின்றால் அறை 30 பாகை! நான் 4 பாகையில் இரவு முழுக்க விடுகிறேன்.

வெஸ்டர்ன் புளொட்டில், அதாவது புரதங்களை எடைப்படி பிரித்துச் சவ்வுக்கு மாற்றிப் பட்டிகளாகப் பார்க்கும் சோதனையில், இப்படிச் செய்கிறேன்: ஒரே சவ்வை இரண்டாக வெட்டி, ஒரு பாதிக்கு வெறும் பிறபொருளெதிரி, மற்றதற்குப் பெப்டைட் கலந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் படமெடுக்க வேணும். 50 கிலோடால்டனுக்குக் கிட்ட இருந்த, நாம் எதிர்பார்த்த பட்டி துடைத்துவிட்டது போலக் காணாமல் போகும். இரண்டாம் பிறபொருளெதிரி (முதலாவதில் ஒட்டிப் பட்டியைத் தெரிய வைப்பது) சும்மா ஒட்டியதால் வந்த பட்டி அசையாமல் நிற்கும். அதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் 70இல் இருந்த வேண்டாத பட்டியும் சேர்ந்து மறையும். ஆத்திரம் வருவது அங்கேதான். வேறொரு புரதத்தில் ஒத்த துண்டு இருந்தால், அதையும் அதே பிடிக்கும் இடம்தான் பிடிக்கிறது. அடைத்தால் இரண்டும் போகும். எது நம்முடைய புரதம் என்று எப்படித் தெரியும்? இதை வைத்துக்கொண்டு 'தனித்தன்மை உறுதி' என்று எழுதுவது சரியே இல்லை. 2016இல் நேச்சர் மெத்தட்ஸ் இதழில் சர்வதேசக் குழு ஒன்று பிறபொருளெதிரிகளைச் சரிபார்க்க ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது. அந்த ஐந்தில் இது இல்லை. முதலாவது, அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கியோ அடக்கியோ பட்டி மறைகிறதா என்று பார்ப்பது.

சரி, மனித இழைய வெட்டுகளில் மரபணுவை நீக்க வழியில்லை. அங்கே சாயம் சும்மா ஒட்டியதா, பிடிக்கும் இடம் வழியாக வந்ததா என்று பார்க்க இது உதவும். அந்த வேலைக்காக என் பிரீசரில் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து எப்போதும் வைத்திருக்கிறேன்.

ஆனாலும் தங்கச்சி, டொலர் விற்கிற விலைக்கு ஒன்றுதான் வாங்கலாம் என்றால் இதை விடுங்கோ, மரபணுவை அடக்கும் எஸ்ஐஆர்என்ஏ வாங்குங்கோ. இல்லை, இதுதான் வேணும் என்றால் முதலில் இம்யூனோஜென் (எதற்கு எதிராக அந்தப் பிறபொருளெதிரியை உண்டாக்கினார்களோ அது) என்ன போட்டிருக்கு என்று பாருங்கோ. முழுப் புரதத்துக்கு எதிராக உண்டாக்கிய பிறபொருளெதிரியை ஒரு சின்னப் பெப்டைட்டால் அடைக்கலாம் என்று நம்பிக் காசைக் கட்ட வேண்டாம்.