ஒயின் இல்லாத இரண்டரை வருடம்: எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இப்போது இருப்பவை

வெள்ளிக்கிழமை இரவு இரண்டு கிளாஸ் சிவப்பு ஒயின். பத்துப் பன்னிரண்டு வருடமாக எனக்கும் கணவருக்கும் வார இறுதி அப்படித்தான் தொடங்கும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பின்னிரவு இரண்டரை மணிக்கு எனக்கு விழிப்பு வர ஆரம்பித்தது. கழுத்தெல்லாம் வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, அப்புறம் விடியும்வரை தூக்கமில்லை. மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்குவதால் வருவது என்று நினைத்தேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை மருத்துவர் சொன்னார்: மது முதலில் தூங்கவைக்கும், உடல் அதைக் கரைத்து முடிக்கும் நேரத்தில் தூக்கத்தைக் கலைத்துவிடும். “ஒரு மாசம் விட்டுப் பாருங்க” என்றார். விட்டேன். இரண்டாவது வாரமே முழு இரவும் தூங்கினேன். அந்த ஒரு மாதம் இப்போது இரண்டரை வருடமாகிவிட்டது.

எனக்கு ஒயின் நிஜமாகவே பிடிக்கும். பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலைப் பக்கம், தொட்டபள்ளாபுரத்துக்கு அருகில் இருக்கும் க்ரோவர் திராட்சைத் தோட்டத்துக்கு ஒரு பிப்ரவரியில் போயிருந்தோம். 1988இல் தொடங்கிய நிறுவனம் அது. அறுவடை நேரம் என்பதால் கொடியிலிருந்து பறித்த, கேபர்னே என்ற சிவப்பு ஒயின் வகைக்கான திராட்சையைத் தின்னக் கொடுத்தார்கள். சின்னப் பழம், உள்ளே பாதி இடம் விதை, நல்ல தித்திப்பு. தோலை மென்றபோதுதான் நாக்கு சட்டென்று இறுகியது. அன்றைக்கு மாலை குடித்த ஒயினில் அதே இறுக்கம் இருந்ததைக் கவனித்தேன். விட்ட பிறகு நான் ஏங்கியது அந்த இறுக்கத்துக்குத்தான் என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான். என்னைப் போல மாற்று தேடுகிறவர்கள் அந்த ஒரு வருடத்தையும் செலவையும் மிச்சப்படுத்தலாம்.

பியரில் பிரச்சினையே இல்லை. ஹைனெகன் 0.0, பட்வைசர் 0.0 இரண்டுமே பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டுகளில் குளிர்பான வரிசையிலேயே கிடைக்கின்றன. முழுதாக நொதிக்கவைத்துப் பிறகு ஆல்கஹாலை நீக்கிய பியர் என்பதால் ஹாப்ஸ் என்ற பூ தரும் கசப்பும் நுரையும் அப்படியே இருக்கும். நன்றாகக் குளிரவைத்து, நெத்திலி வறுவலோடு குடித்தால் எனக்கு வித்தியாசமே தெரிவதில்லை. ஹைனெகன் கேனில் 100 மில்லிக்கு 21 கலோரி என்று போட்டிருக்கிறது. வழக்கமான பியரில் அதைப் போல இரண்டு மடங்கு. பீச், மின்ட் என்று பழ வாசனை சேர்த்த மால்ட் (முளைகட்டிய பார்லி) பானங்களும் அதே வரிசையில் நிற்கும். அவை சோடா வகை, தித்திப்பாக இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும். சில பாட்டில்களைத் திறந்ததும் ஹார்லிக்ஸ் கொதித்த வாடை வரும். நொதித்தலைப் பாதியில் நிறுத்தினால் அந்த மால்ட் வாடை தங்கிவிடுகிறது. வாங்கும்போது “ஆல்கஹால் நீக்கியது” என்ற பொருளில் ஏதாவது அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

ஒயின்தான் என்னைப் படாத பாடு படுத்தியது. ஆல்கஹால் நீக்கிய ஒயின் புதுச் சரக்கு கிடையாது. ஜெர்மனியில் நூறு வருடத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். சாதாரணமாக ஆல்கஹால் கொதிக்க 78 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் ஒயின் வெந்து போய்விடும். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் முப்பது டிகிரிச் சூட்டிலேயே ஆல்கஹால் ஆவியாகிப் பிரிந்துவிடும். நல்ல ஆலைகளில் முதலில் வாசனையைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஆல்கஹாலை நீக்கிய பிறகு திரும்பச் சேர்க்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டும் குறை தெரிகிறது. காரணம் எளிது. பியரில் ஆல்கஹால் ஐந்து சதவீதம்தான், எடுத்தாலும் மீதி நிற்கும். ஒயினில் பன்னிரண்டு முதல் பதினான்கு சதவீதம். நாக்கில் தங்கும் கனம், தொண்டையில் இறங்கும் சூடு, மூக்குக்கு வாசனையைத் தூக்கிக்கொண்டு வருவது எல்லாமே அதன் வேலை. அதை எடுத்துவிட்டால் ஒயின் தண்ணீராக நிற்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் பல இடங்களில் சர்க்கரை சேர்க்கிறார்கள்.

முதல் வருடத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் பாட்டில்கள் ஏழெட்டு வாங்கியிருப்பேன். ஒவ்வொன்றும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். சிவப்பு வகைகள் எல்லாமே ஏமாற்றம். ஒன்று திராட்சை ஜூஸ் மாதிரி, இல்லையென்றால் நேற்றுத் திறந்து வைத்துப் புளித்தது மாதிரி. நுரை வரும் வகைகள் மட்டும் தேவலை. குமிழியும் குளிர்ச்சியும் சேர்ந்து இல்லாத கனத்தை ஓரளவு ஈடுகட்டுகின்றன. பிறந்தநாள், புத்தாண்டு என்றால் இன்றும் ஒரு பாட்டில் வாங்குகிறேன். லேபிளில் சர்க்கரை அளவைப் பார்த்து, 100 மில்லிக்கு 4 கிராமுக்குக் கீழே இருந்தால்தான் கூடையில் போடுவேன்.

திருப்பம் வந்தது ஒரு ஜூன் மாதத்தில். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட் வெளியே தள்ளுவண்டியில் நாவல்பழம் வாங்கி, காரிலேயே தின்றுகொண்டு வந்தேன். மூன்றாவது பழத்தில் நாக்கு இறுகியது. தொட்டபள்ளாபுரத்துத் திராட்சைத் தோல் ஞாபகம் வந்துவிட்டது. துவர்ப்பு! ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வதற்கு நம்மிடம் அறுசுவையில் ஒரு இடமே இருக்கிறது. வாழைப்பூ, மாதுளை, நாவல், பால் விடாத கட்டன் சாயா எல்லாவற்றிலும் ஒரே கதைதான்: எச்சிலில் இருக்கும் புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்ளும், வழுவழுப்பு போகும், வாய் வறண்டு இறுகும். அந்த இறுக்கம் இருந்தால்தான் அடுத்த வாய் சோறோ கறியோ ருசிக்கிறது. மெதுவாக, ஒவ்வொரு மிடறாகக் குடிக்கவைப்பதும் அதுதான். ஜூஸை யாரும் ஒரு மணி நேரம் வைத்துக் குடிப்பதில்லை.

அன்றிலிருந்து ஒயின் மாதிரி இருக்கும் பாட்டிலைத் தேடுவதை நிறுத்திவிட்டு, துவர்ப்பும் புளிப்பும் சேர்ந்த பானத்தைத் தேட ஆரம்பித்தேன். பல முறை மாற்றிச் செய்து இப்போது ஒரு கலவையில் நிற்கிறேன். நீலகிரி கறுப்புத் தேயிலை இரண்டு டீஸ்பூன், அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறேழு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து வடிகட்டுவேன். கொதிக்கவைத்த டீயைக் குளிரவைத்தால் பல தேயிலைகள் கலங்கிவிடும், நிறம் மங்கும். நீலகிரித் தேயிலை அவ்வளவாகக் கலங்காது. அதோடு சரிபாதி புனர்புளித் தண்ணீர். துளுவில் புனர்புளி, கன்னடத்தில் முருகலு, மராட்டியில் கோகம். மங்களூர்ச் சாமான் விற்கும் கடைகளில் உலர்ந்த தோலாகக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு தோலை அரை லிட்டர் தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறவைத்தால் அச்சு அசல் சிவப்பு ஒயின் நிறம். உப்புப் போட்டு உலர்த்தியதும் விற்கிறார்கள், அது வேண்டாம். கன்னியாகுமரிப் பக்கம் மீன் குழம்பில் போடும் குடம்புளி இதற்கு உறவுதான் என்றாலும், புகையில் உலர்த்துவதால் ஒத்துவராது. கடைசியாக நாவல் சாறு, இல்லாத மாதங்களில் மாதுளைச் சாறு, ஒரு கால் பங்கு. மாதுளையை விதையோடு மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு வடிகட்டினால் துவர்ப்பு கூடும்.

இதில் ஏதோ ஒன்று குறைகிறது என்று ரொம்ப நாள் தவித்தேன். தீர்த்துவைத்தது சேலத்திலிருந்து வந்திருந்த அத்தை. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, “புளித்தண்ணி நல்லாத்தாம்மா இருக்கு, நாலு மிளகைத் தட்டிப் போடேன்” என்றார். போட்டேன். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினின் அந்தக் காரசாரம் அப்படியே வந்து நின்றது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: மிளகின் வாசனைக்கும் ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்கும் காரணம் ரொட்டண்டோன் என்ற ஒரே பொருள்தான். ஆஸ்திரேலியாவில் 2008இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே தைரியத்தில் ஒரு கிராம்பும் சேர்த்தேன். ஓக் பீப்பாயில் வைத்த ஒயினில் வரும் கிராம்பு வாசனை யூஜெனாலால் வருவது, கிராம்பிலும் இருப்பது அதுதான். மிளகு, கிராம்பு இரண்டையும் இருபது நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும், விட்டால் ரசமாகிவிடும். ஒரு சிட்டிகை உப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்துக் குடியுங்கள், ரொம்பக் குளிர்ந்திருந்தால் துவர்ப்பு முரட்டுத்தனமாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தேயிலையில் கஃபீன் இருக்கிறது. தூக்கத்துக்காக ஒயினை விட்டுவிட்டு இரவு ஒன்பது மணிக்கு டீயைக் குடிப்பதில் அர்த்தமில்லை. நான் ஏழு மணிக்குள் முடித்துக்கொள்கிறேன், தாமதமானால் தேயிலையை விட்டுவிட்டு நாவலைக் கூட்டுகிறேன்.

பெங்களூர் ப்ளூ திராட்சையையும் விடவில்லை. புவிசார் குறியீடு வாங்கிய, நம் ஊர்ப்புறத்துத் திராட்சை. ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுப் பழக்கடையில் இரண்டு கிலோ வாங்கித் தோலோடு மெல்லிய தீயில் வேகவைத்துப் பிழிந்தேன். நிறம் பிரமாதம். தித்திப்பும் ஜாம் வாசனையும் தனியாகக் குடிக்கத் திகட்டுகிறது. மேலே சொன்ன தேயிலைத் தண்ணீரில் கால் பங்கு கலந்தால் நன்றாக இருக்கிறது. வீட்டில் கொம்புச்சாவும் (நொதிக்கவைத்த டீ) போட்டேன். புளிப்பும் குமிழியும் அருமை. மே மாத வெயிலில் மூடிவைத்த ஒரு பாட்டில் சமையலறையில் வெடித்துச் சிதறியது. யாருக்கும் காயமில்லை. அதற்குப் பிறகு செய்வதில்லை. நொதித்த பானம் என்பதால் அதில் கொஞ்சம் ஆல்கஹால் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெளியே போகும்போதுதான் கவனம் தேவை. கோரமங்களாவில் ஒரு அலுவலக விருந்தில் ஜீரோ பியர் கேட்டேன், கிளாஸில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டாவது வாயில் தொண்டை சூடானது. கேட்டால், மாற்றி ஊற்றிவிட்டார்களாம். எனக்கு ஒரு இரவுத் தூக்கம் போனதோடு சரி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது சின்ன விஷயமா? இப்போதெல்லாம் கேனை என் மேசையில்தான் திறக்கச் சொல்கிறேன். இன்னொன்று, நம் நாட்டு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் போனால்தான் மது. அதனால் ‘ஆல்கஹால் இல்லாதது’ என்பதில் அரை சதவீதம் வரை இருக்கலாம். முடிந்தவரை தவிர்க்க வேண்டும் என்றால் 0.0 என்று போட்டதைத்தான் வாங்க வேண்டும், கர்ப்பிணிகள் மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

குடிப்பழக்கத்திலிருந்து கஷ்டப்பட்டு மீண்டவர்களுக்கு இவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கணவரின் நண்பர் ஒருவர் அப்படி மீண்டவர். எங்கள் வீட்டில் ஜீரோ பியர் கேனைத் திறந்த சத்தத்துக்கே அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். “அந்த வாசனை போதும் எனக்கு” என்றார். அவர் வரும் நாட்களில் எல்லோருக்கும் நன்னாரி சர்பத்துதான். அந்தச் சிக்கலில் இருப்பவர்களுக்கு நம் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது, பாட்டிலை மாற்றிப் பார்ப்பதைவிட அங்கே போவது நல்லது.

அத்தை வரும்போதெல்லாம் முன்பு ஒயின் பாட்டில்களைத் துணி அலமாரியில் ஒளித்துவைப்போம். இப்போது நீண்ட தண்டு வைத்த கிளாஸ்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கின்றன, அவருக்கும் ஒன்று. மிளகுக் கோழி வறுவலோடு அவர் இரண்டாவது கிளாஸ் கேட்கிறார்.

வெள்ளை ஒயினுக்கு மட்டும் இன்னும் சரியான மாற்று அமையவில்லை. எலுமிச்சை கூர்மையாகக் குத்துகிறது, பச்சை ஆப்பிள் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. சீசன் தொடங்கும்போது பழுக்காத பச்சைத் திராட்சையைப் பிழிந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன். சிக்கபள்ளாபுரத்திலிருந்து வரும் திராட்சைக்காரர் காயாகவே இரண்டு கிலோ எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.