நீண்டகால அளவீடா, கணினி மாதிரியா?

இயற்கையின் மாற்றத்தை அறிய ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டே இருக்கலாம். ஹவாயின் மௌனா லோவா மலையில் விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-இல் தொடங்கிய கரியமில வாயு அளவீடு அத்தகையது. அப்போது காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. வடகோளத்துச் செடிகொடிகள் கோடையில் வாயுவை உறிஞ்சும்போது வரைபடக் கோடு இறங்குவதும், குளிர்காலத்தில் மீண்டும் ஏறுவதும்கூட அதில் தெரிகின்றன. எவ்வளவு அழகான பதிவு!

இயற்கையின் விதிகளைச் சமன்பாடுகளாக்கி வரப்போவதைக் கணக்கிடும் கணினி மாதிரி காத்திருப்பதில்லை. கரியமில வாயு கூடினால் தரை சூடாகும், வளிமண்டல மேலடுக்கு குளிரும் என விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் 1967-இலேயே கணக்கிட்டார்கள். செயற்கைக்கோள்கள் பின்னர் அதை உறுதிசெய்தன. மேகங்களிடம்தான் மாதிரிகள் இன்னும் திணறுகின்றன.

நிதி ஒன்றுக்கு மட்டும் என்றால் என் தேர்வு அளவீடே. மாதிரியை அடுத்த ஆண்டும் ஓட்டலாம். 1964-இல் பணமின்றிக் கீலிங்கின் அளவீடு சில மாதங்கள் நின்றது. அந்த இடைவெளியை இன்றுவரை எவராலும் அளந்து நிரப்ப முடியவில்லை.