அஞ்சாவது பிக்ல சேஸா, சூவலா? நான் தப்பா சிவப்படிச்ச கட்டம்

என் பொண்டாட்டியோட தம்பி டெட்ராய்ட் பக்கத்துல இருக்கான், நாங்க சின்சினாட்டிக்கு வடக்க மேசன்ல. கார எடுத்தா நாலு மணி நேரம். அவன் வந்தான்னா சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ஒரே சண்டைய ரெண்டு தடவ போடுவோம், 2021ல என்எஃப்எல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் லீக்கோட ட்ராஃப்ட்ல எங்க சின்சினாட்டி டீம் பெங்கால்ஸ் அஞ்சாவது பிக்ல பெனே சூவல விட்டுட்டு ஜமார் சேஸ எடுத்தது சரியா தப்பாங்கிற சண்டை. இதுல வேடிக்கை என்னன்னா, அன்னிக்கு நானும் அவன மாதிரி சூவல் கட்சி. இப்போ எதிர்க்கட்சி.

ட்ராஃப்ட் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது, பணத்தக் காட்டி ஆள இழுக்க முடியாது. போன வருஷம் அடி வாங்கினவன் முதல்ல எடுப்பான், ஜெயிச்சவன் கடைசில எடுப்பான், 32 டீம், ஏழு ரவுண்டு, காலேஜ்லேர்ந்து வர்ற பசங்க. 2020ல பெங்கால்ஸ் 4 ஜெயிச்சு 11 தோத்து ஒண்ணு டை, அதனால அஞ்சாவது இடம் கிடைச்சுது.

எங்க ஆபீஸ்ல அந்த ஏப்ரல்ல ஒரு விளையாட்டு. கோவிட் நேரம், எல்லாரும் வீட்டுலேர்ந்துதான் வேலை, ஆளுக்கு ஒரு டீம் கொடுத்து நிஜ ட்ராஃப்டுக்கு முன்னாடி நீயே ஆளெடுன்னாங்க, லோக்கல்காரன்னு எனக்கு பெங்கால்ஸ். நான் விடுவேனா, ராத்திரி உக்காந்து எக்செல் ஷீட் போட்டேன். இடப்பக்கம் பொசிஷன், நடுவுல இப்ப இருக்கிற ஆளு, கடைசில கலர். பச்சைன்னா ஓகே, மஞ்சள்னா பாக்கலாம், சிவப்புன்னா உடனே ஆள் வேணும். ஒரே ஒரு கட்டம் மட்டும் பளிச்சுன்னு சிவப்பு, அதுல நான் எழுதினது "லைன்". அவ்ளோதான், ஒரே வார்த்த. அந்த ஒரு வார்த்தைலதான் நான் சறுக்கினேன், ஆனா அது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ஏன் சிவப்புன்னு அப்ப யாரும் கேக்கமாட்டாங்க. ஜோ பரோ, 2020ல முதல் பிக்ல எடுத்த குவாட்டர்பேக், அதாவது பந்தெறியறவர், பத்தே மேட்ச்ல 32 தடவ சேக் ஆகி (பந்த எறியறதுக்குள்ள எதிரி பிடிச்சுத் தள்ளறது), நவம்பர்ல வாஷிங்டன் மேட்ச்ல இடது முழங்கால் கிழிஞ்சு ஸ்ட்ரெச்சர் வண்டில வெளிய போனார். பந்தெறியறவர காப்பாத்த முன்னாடி நிக்கற அஞ்சு பேர் சரியில்ல, அப்போ நல்ல தடுப்பாட்டக்காரன எடு. பச்சப்புள்ளைக்கும் தெரியும்ல? பெனே சூவல், ஓரிகன் காலேஜ்ல லைனோட ஓரத்துல நிக்கற டேக்கிள், 20 வயசு, 2019லயே நாட்டின் சிறந்த லைன்மேன்னு அவுட்லேண்ட் ட்ராஃபி வாங்கினவர், பழம் மாதிரி கைல விழறார். நான் சூவல் பேர டைப் பண்ணி என்டர் தட்டினேன்.

நிஜ பெங்கால்ஸ் எடுத்தது ஜமார் சேஸ். வைட் ரிசீவர், ஓடிப்போய் பந்தப் பிடிக்கறவர். பரோவோட எல்எஸ்யூ காலேஜ் கூட்டாளி, 2019ல 84 கேட்ச், 1,780 யார்டு, 20 டச்டவுன். சூவல் ரெண்டு இடம் தள்ளி ஏழாவது பிக்ல டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார், அவர் கிடைச்சதும் லயன்ஸ் ரூம்ல ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸ் கத்தின கத்த பாத்திருப்பீங்க, லாட்டரி அடிச்சவன் மாதிரி. என் மச்சானுக்கு அந்த வீடியோ இன்னும் ஃபோன்ல இருக்கு.

ரெண்டு பேரோட தகுதியப் பத்தி அதிகம் பேச ஒண்ணுமில்ல, ரெண்டுமே தங்கம். ரெண்டு பேரும் கோவிட்டால 2020 சீசன் ஆடாம விட்டவங்க, அதனால அந்த சந்தேகமும் சரிக்கு சரி. சேஸ் 2021 ஆகஸ்ட்ல பயிற்சி மேட்ச்ல வரிசையா பந்த நழுவ விட்டார், கேட்டதுக்கு காலேஜ் பந்துல வெள்ளக் கோடு இருக்கும், இதுல இல்ல, பந்தே கண்ணுல சரியா சிக்கலங்கிற மாதிரி சொன்னார். நான் அன்னிக்கு ஆபீஸ் சாட்ல போட்ட ஸ்மைலிய இப்ப நெனச்சா கூச்சமா இருக்கு. முதல் நிஜ மேட்ச்லயே 101 யார்டு, ஒரு டச்டவுன். சீசன் முடியறப்ப 1,455 யார்டு, 13 டச்டவுன், அஃபென்ஸ்ல வருஷத்தோட சிறந்த புதுமுகம். ஜனவரி 2ஆம் தேதி கன்சாஸ் சிட்டிக்கு எதிரா ஒரே மேட்ச்ல 11 கேட்ச், 266 யார்டு, 3 டச்டவுன். அந்த மேட்ச் ஜெயிச்சுதான் டிவிஷனே கைக்கு வந்துது.

சூவலும் சும்மா இல்ல. 2023, 2024 ரெண்டு வருஷமும் ஆல்-ப்ரோ முதல் டீம், அதாவது லீக்லயே அந்த இடத்துக்கு சிறந்தவங்கள்ல ஒருத்தர். 2022 டிசம்பர்ல மினசோட்டாவுக்கு எதிரா ஆட்டம் முடியற நேரத்துல, அந்த ஒடம்ப வெச்சுகிட்டு ரிசீவர் மாதிரி ஓடி ஒரு பாஸ பிடிச்சு மேட்ச முடிச்சு வெச்சார், 9 யார்டு. மச்சான் அத எங்க வீட்டு டிவில எத்தன தடவ போட்டிருப்பான்னு கணக்கில்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். எனக்கு முடிவ மாத்தினது சேஸோட நம்பர் இல்ல. அந்த சிவப்புக் கட்டம்தான்.

லைன்னா அஞ்சு பேர். நடுவுல சென்டர், அவருக்கு ரெண்டு பக்கமும் கார்டு, ரெண்டு ஓரத்துலயும் டேக்கிள். பல்லக்கு தூக்கற மாதிரிதான், நாலு பேர் பயில்வானா இருந்தாலும் ஒருத்தன் கால் இடறினா சாமி சாயும். அப்போ டீமோட தேவைய எழுதறப்ப "லைன்"னு எழுதறது, வீட்டுல தண்ணி ஒழுகுதுன்னு ப்ளம்பருக்கு ஃபோன் பண்ணிட்டு எந்த பாத்ரூம்னு சொல்லாம வெக்கற மாதிரி. எந்த இடம்? யாரத் தாண்டி வந்தான்? இத நான் பாக்கவே இல்ல.

பரோ கால் போன அந்த பால திரும்பப் போட்டுப் பாருங்க. இடது கார்டு பின்னாடி தள்ளப்பட்டு அவர் கால் மேலயே போய் சாயறார், வெளிப்பக்கத்துலேர்ந்து வந்தவரும் அதே நேரத்துல மேல இடிக்கறார், ஆனா கால் போனது உள்பக்க ஓட்டையால. அடுத்து 2022 ஜனவரி, டென்னசி டைட்டன்ஸ் பிளேஆஃப், பரோ 9 தடவ சேக் ஆகியும் 19-16ன்னு ஜெயிச்ச அதிசய மேட்ச். அதுல மூணு சேக் ஜெஃப்ரி சிம்மன்ஸுக்கு, அவர் எதிரணி தாக்கற வரிசைல நடுவுல ஆடறவர், அவருக்கு எதிர்ல நிக்கறது நம்ம கார்டும் சென்டரும். அப்புறம் லீக் ஃபைனலான சூப்பர் பௌல், ராம்ஸ் கிட்ட 23-20 தோல்வி, அதுல 7 சேக். கடைசி பால், நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, ஒரு யார்டு வேணும், ராம்ஸோட ஆரன் டொனால்டு இடது கார்டத் தாண்டி வந்து பரோ சட்டையப் பிடிச்சு சுத்தறார், பந்து எங்கயோ போய் விழுது. அதே நேரம் அந்தப் பக்கம் சேஸ் தன்ன காவல் காத்த ஜேலன் ராம்சியத் தாண்டி தனியா ஓடிட்டிருக்கார், கை தூக்கி. பந்து போக இன்னும் ஒரு செகண்டு கிடைச்சிருந்தா இந்த ஊர் கதையே வேற. நான் அன்னிக்கு பஜ்ஜி தட்டோட நின்னுகிட்டே பாத்தேன், உக்காரவே இல்ல.

மூணு இடத்துலயும் ஒழுகினது உள்ள. சூவல் வெளிப்பக்க ஆளு. வந்திருந்தா வலது ஓரத்துல நின்னிருப்பார், அழகா தடுத்திருப்பார், டொனால்டு அவர் பக்கம் திரும்பாமலே நடுவால வந்திருப்பார்.

இங்க என் வாதம் கொஞ்சம் ஆட்டம் காணும், அதயும் சொல்லிடறேன். வலது டேக்கிளுக்கு 2021 மார்ச்லயே ரைலி ரீஃப்ங்கிற அனுபவசாலிய ஒரு வருஷ ஒப்பந்தத்துல கூட்டிட்டு வந்திருந்தாங்க, அவர் டிசம்பர்ல கணுக்கால் அடிபட்டு போயிட்டார், சூப்பர் பௌல்ல அந்த இடத்துல ஆடினது ஐசையா பிரின்ஸ், பேக்கப். சூவல் இருந்திருந்தா அந்த ஓரமாவது மூடியிருக்கும். ஓரம் மூடினா உள்ள இருக்கிற கார்டுக்கு சென்டர் உதவிக்கு வர முடிஞ்சிருக்குமோ என்னமோ. நான் காலேஜ்ல கபடி ஆடினவன், இந்த லைன் கணக்கெல்லாம் டிவி பாத்து கத்துகிட்டதுதான், அதுக்கு மேல அடிச்சு சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு அடிச்சு சொல்லுவேன். அந்த உள்பக்க இடத்துக்கு ஆள் எங்க கிடைக்குதுன்னு பாருங்க. அதே 2021 ட்ராஃப்ட். கன்சாஸ் சிட்டியும் அதே பிரச்சினைல இருந்துது, அந்த பிப்ரவரிலதான் டாம்பா கிட்ட சூப்பர் பௌல்ல 31-9ன்னு அடி வாங்கி, அவங்க குவாட்டர்பேக் மஹோம்ஸ் மேட்ச் பூரா ஓடிகிட்டே இருந்தார். அவங்க என்ன பண்ணாங்க? கார்டு ஜோ தூனிய காசு கொடுத்து கூட்டிட்டு வந்தாங்க, சென்டர் க்ரீட் ஹம்ஃப்ரிய 63வது பிக்ல எடுத்தாங்க, வலது கார்டு ட்ரே ஸ்மித்த 226வது பிக்ல எடுத்தாங்க. நுரையீரல்ல ரத்தக்கட்டி பிரச்சினை இருந்ததால அவர் அவ்ளோ கீழ வந்தார், அத யாரும் முன்கூட்டி கணக்குப் போட முடியாதுதான், இருந்தாலும் 226. நடு மூணு சீட்டும் ஒரே கோடைல ரெடி, முதல் ரவுண்டு பிக் ஒண்ணு கூட செலவாகல.

பெங்கால்ஸ் கைல 38வது பிக் இருந்துது. அத நியூ இங்கிலாந்துக்குக் கொடுத்துட்டு 46க்கு இறங்கி, கூட ரெண்டு நாலாவது ரவுண்டு பிக் வாங்கிகிட்டு, ஜாக்சன் கார்மன எடுத்தாங்க, காலேஜ்ல டேக்கிளா ஆடினவர், இங்க கார்டா மாத்திப் பாத்தாங்க, நிலைக்கல. ஹம்ஃப்ரி அப்போ போர்டுல இருக்கார், 63 வரைக்கும் உக்காந்திருக்கார்! மச்சான்கிட்ட நான் சொல்றது இதுதான், கோவப்படணும்னா 46ல கோவப்படு, அஞ்சுல கோவப்படாத.

அவனும் லேசுப்பட்டவன் இல்ல. "மாமா, நீங்க சொல்ற அதே கணக்குதான் எனக்கும். உள்பக்க ஆளு கீழ கிடைப்பான்னா ரிசீவரும் கீழ கிடைப்பான்ல? உங்க டீ ஹிக்கின்ஸே 33வது பிக்தானே? எங்காளு ஏமன்-ரா செயின்ட் ப்ரௌன் எத்தனாவதுன்னு சொல்லுங்க பாப்போம்." 112. அதே 2021, நாலாவது ரவுண்டு. சூவலும் செயின்ட் ப்ரௌனும் ஒரே ட்ராஃப்ட்ல ஒரே டீமுக்கு. இதுக்கு எனக்கு முழு பதில் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அதே வருஷம் ரெண்டாவது ரவுண்டுல போன ரிசீவர்கள வரிசையா எடுத்துப் பாரு, எலைஜா மூர், ரொண்டேல் மூர், எஸ்க்ரிட்ஜ், ஆட்வெல், டெரஸ் மார்ஷல். சேஸ் பக்கத்துல நிறுத்தற மாதிரி ஒருத்தர் உண்டா? செயின்ட் ப்ரௌன் இவ்ளோ வருவார்னு தெரிஞ்சிருந்தா லயன்ஸே 112 வரைக்கும் காத்திருந்திருக்காது.

அதோட பெங்கால்ஸுக்கு ரிசீவர் தேவையே இல்லன்னு நான் ஷீட்ல பச்சை அடிச்சிருந்தேன், அதுவும் தப்பு. ஹிக்கின்ஸ் இருக்கார், டைலர் பாய்டு இருக்கார், போதும்னு. ஏ.ஜே. க்ரீன் அரிசோனாவுக்குப் போயிட்டாரேன்னு பேருக்கு ஒரு குறிப்பு. ஆனா 2020ல க்ரீன் பக்கம் 104 தடவ பந்து போயிருக்கு, கைல சேந்தது 47. பாதி கூட இல்ல. தூரமா எறிஞ்சா பிடிக்க ஆளில்லைன்னு எதிரிக்கும் தெரியும், அதனால தைரியமா ஆள முன்னாடி கொண்டுவந்து அடிப்பான். பச்சைக்குள்ள ஒரு சிவப்பு இருந்துது, நான் பேரப் பாத்து கலர் அடிச்சேன், ஆட்டத்தப் பாக்கல.

பராமரிப்பு செலவுல மட்டும் சூவல் பக்கம் தெளிவா சாயும். லயன்ஸ் 2024ல அவருக்கு நாலு வருஷத்துக்கு 112 மில்லியன் டாலர் கொடுத்துது. சேஸ் 2024ல 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன், மூணுலயும் லீக்ல முதல், அதுக்கப்புறம் 2025 மார்ச்ல நாலு வருஷம் 161 மில்லியன். கூடவே ஹிக்கின்ஸுக்கு 115. ஓரத்துக்கு 2023ல ஆர்லாண்டோ ப்ரௌனுக்கு 64, அது பத்தாதுன்னு 2024ல முதல் ரவுண்டுலயே அமேரியஸ் மிம்ஸ், அவரும் டேக்கிள். சூவல விட்டதுக்கு வட்டி கட்டிட்டே இருக்கோம்னு மச்சான் சொல்றான். சேஸ் அந்த மாதிரி ஆடின 2024ல கூட 9-8, பிளேஆஃப் இல்ல. லயன்ஸ் அந்த வருஷம் 15-2. இத அவன் சொல்றப்ப நான் கொழம்பு ஊத்திக்க எழுந்து போயிடுவேன்.

ஆனாலும் மறுபடி அந்த ராத்திரி கொடுத்தா சேஸதான் டைப் பண்ணுவேன், ஷீட்ல "லைன்"ங்கிற ஒரு கட்டத்த அஞ்சா பிரிச்சு, இடது கார்டுக்கும் வலது கார்டுக்கும் மட்டும் சிவப்படிச்சு, 38ல ஹம்ஃப்ரி. சென்டர்ல வேற ஆள் இருந்தாரே, ஹம்ஃப்ரி வந்தா யார கார்டுக்கு நகத்தறதுன்னு போன தடவ மச்சான் கேட்டான். அது அடுத்த தடவ அவன் வர்றப்ப பேசிக்கலாம்னு விட்டிருக்கேன்.