பஞ்சரான டயர்: ஸ்டிரிப்பா, மஷ்ரூம் பேட்ச்சா, புது டயரா?

காரின் ட்யூப்லெஸ் டயர் பஞ்சரானால் நம் முன்னால் மூன்று வழி இருக்கிறது. வெளியிலிருந்தே ஸ்டிரிப் என்னும் பிசின் பட்டையைக் குத்தி அடைக்கலாம். டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் காளான் வடிவ மஷ்ரூம் பேட்ச் போடலாம். இல்லையென்றால் டயரையே மாற்றிவிடலாம். பெரும்பாலானவர்கள் முதலாவதைச் செய்துகொண்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். டயர் ஷோரூம் வாசல் மிதித்தவர்களில் சிலர் "சேஃப்டி சார்" என்ற ஒரு சொல்லுக்கு மயங்கி மூன்றாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் வழியைக் கேட்டுச் செய்துகொள்பவர்கள் குறைவு. நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கு அதுதான் சரியான வைத்தியம் என்பது என் கட்சி.

விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஓட்டை எங்கே என்று பாருங்கள். சாலையில் பதியும் நடுப்பகுதியில், அதாவது பட்டன் இருக்கும் இடத்தில், 6 மி.மீ.க்கு மேல் போகாத ஓட்டை என்றால் ஒட்டலாம். சாதாரண ஆணி, ஸ்குரூ எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். சைடுவாலில் ஏறியிருந்தால் பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். பட்டனுக்கு அடியில் ஸ்டீல் பெல்ட் இருப்பதால் அந்த இடம் அதிகம் நெளியாது. சைடுவாலில் அந்தப் பெல்ட் கிடையாது. சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் அது பிதுங்கி மீள்கிறது. அங்கே எதை ஒட்டினாலும் நாளடைவில் விட்டுவிடும். உள்ளே நூலிழை அறுந்திருந்தால் அந்த இடம் புடைத்து, ஒருநாள் ஓட்டத்திலேயே வெடிக்கும்.

தகராறு வருவது இந்த இரண்டுக்கும் நடுவே, பட்டன் முடிந்து சைடுவால் வளையத் தொடங்கும் தோள் பகுதியில்தான். "நிக்கும் சார், நான் கேரண்டி" என்பார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யில்லை, காற்று நிற்கவும் செய்யலாம். ஆனால் ஐந்து பேரும் சாமானுமாக 100 கி.மீ. வேகத்தில் திருச்சி சாலையில் போகும்போது அந்தத் தோள்தான் சூடேறி நெளியும். பட்டனில் சுற்றிலும் ஓடும் பள்ளங்களில் வெளி ஓரத்தில் இருப்பதைத் தாண்டி ஓட்டை இருந்தால் ஒட்டச் சொல்லாதீர்கள்.

சரி, ஓட்டை நடுவில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிரிப்புக்கு ஆகும் செலவு பெரும்பாலும் 100 முதல் 200 ரூபாய், பத்து நிமிட வேலை. ஆணியைப் பிடுங்கி, முறுக்கிய அரம் போன்ற கம்பியை ஓட்டையில் விட்டுக் குடைந்து, பிசின் தடவிய பட்டையை ஊசிக் காதில் கோத்து உள்ளே அழுத்தி, ஊசியை மட்டும் சட்டென்று வெளியே இழுத்தால் ஓட்டை அடைபட்டுவிடும். ராத்திரி பதினொரு மணிக்கு உளுந்தூர்பேட்டை பைபாஸில் குடும்பத்தோடு நிற்கும்போது இதைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. காரிலேயே ஒரு ஸ்டிரிப் கிட்டும், சிகரெட் லைட்டரில் ஓடும் குட்டி கம்ப்ரஸரும் வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு, ட்யூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. ஸ்டெப்னியே இல்லாத வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிட்தான் துணை.

ஆனால் இது முதலுதவி மட்டும்தான். குடையும் கம்பி அளவு மீறிப் போனால் ஓட்டை பெரிதாகும், ஸ்டீல் பெல்ட்டின் கம்பிகளும் அறுபடும். டயருக்குள் காற்றைப் பிடித்து வைப்பது உள்பக்கத்து மெல்லிய ரப்பர் அடுக்கு. அந்த அடுக்கில் விழுந்த கிழிசலை ஸ்டிரிப் முழுசாக மூடுவதில்லை. ஈரம் மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வெளியிலிருந்து குத்தும் அடைப்பை மட்டும் முழுமையான பழுதாக ஏற்கக்கூடாது என்பதே அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கத்தின் வழிகாட்டு விதி.

இதையெல்லாம்விடப் பெரிய குறை, டயரின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பதை யாருமே பார்க்கவில்லை என்பது. காற்று முழுசாக இறங்கியது தெரியாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் போதும், சைடுவால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி உள்ளே அரைபட்டிருக்கும். டயரைக் கழற்றினால் காப்பித்தூள் மாதிரி கருப்பாக ரப்பர் பொடி கொட்டும். உள்சுவரில் விரலை ஓட்டினால் சுற்றிலும் சொரசொரப்பாக ஒரு வளையம் தட்டுப்படும். அப்படிப்பட்ட டயரில் ஓட்டை குண்டூசி அளவே இருந்தாலும் ஒட்டிப் பிரயோஜனமில்லை. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே செத்துப்போயிருக்கும்.

மஷ்ரூம் பேட்ச்சின் அருமை இங்கேதான் தெரிகிறது. டயரைக் கழற்றாமல் அதைப் போடவே முடியாது, ஆகவே உள்ளே பார்த்தே ஆக வேண்டும். ஆணி போன கோணத்திலேயே துளையைச் சுத்தம் செய்து, உள்பக்க ரப்பரைத் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயவிட வேண்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இந்தக் காயும் நேரத்தில்தான். அப்புறம் பேட்ச்சின் காம்பை உள்ளிருந்து வெளியே இழுத்தால் துளை அடையும், தலை உள்சுவரில் படியும். சின்ன உருளையால் அழுத்தி ஓட்டிவிட்டு வெளியே நீட்டும் காம்பை நறுக்கிவிடுவார்கள். துளைக்கு ஒரு அடைப்பு, உள்ளே ஒரு மூடி, இரண்டும் ஒரே துண்டில். வீல் பேலன்சிங் சேர்த்து 500 ரூபாய் வாக்கில் ஆகும், முக்கால் மணி நேரம் போகும். எல்லாப் பஞ்சர் கடையிலும் செய்ய மாட்டார்கள், டயர் கழற்றும் மெஷின் உள்ள கடையாகத் தேட வேண்டும். வழியில் ஸ்டிரிப் போட்டிருந்தாலும், துளை பெரிதாகாமல் இருந்தால், ஊருக்கு வந்ததும் இதைச் செய்துகொள்ளலாம். ஒரு பேட்ச்சின் மேல் இன்னொன்று ஏறும்படி மட்டும் போடக்கூடாது.

பஞ்சரானால் தானே அடைபடட்டும் என்று டயருக்குள் ஊற்றும் ஜெல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பின்னால் பேட்ச் போட வேண்டி வந்தால் உள்சுவரை முழுக்கக் கழுவித் துடைக்க வேண்டியிருக்கும். ஆணி ஏறியதே தெரியாமல் மாதக்கணக்கில் ஓடும் ஆபத்தும் உண்டு.

பைக் என்றால் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பின் டயரில் ஸ்டிரிப் போட்டு ஊருக்குள் நிதானமாக ஓட்டலாம். முன் டயரில் காற்று திடீரென்று போனால் ஹேண்டில் நம் கையில் நிற்காது. அங்கே சந்தேகம் வந்தாலே மாற்றிவிடுங்கள்.

இப்போது காசு. 5,000 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடும் என்று வைத்துக்கொண்டால் 1,000 கி.மீ.க்கு 125 ரூபாய். 10,000 கி.மீ. ஓடிய டயரில் இன்னும் 3,750 ரூபாய்க்கான ஓட்டம் பாக்கி. அதை 500 ரூபாயில் காப்பாற்றாமல் தூக்கிப் போடுவது அநியாயம். அதே டயர் 36,000 கி.மீ. ஓடியிருந்தால் பாக்கியே 500 ரூபாய்தான். அதற்கு 500 ரூபாய் பேட்ச் எதற்கு? பட்டன் 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்த டயரைக் காரில் ஓட்டச் சட்டமே இடம் தராது. 3 மி.மீ. வந்ததுமே மழையில் பிடிமானம் சட்டென்று குறையும் என்பதால், ஐப்பசி நெருங்கும்போது பஞ்சரானால் அந்த அளவிலேயே மாற்றுவது நல்லது. வயதையும் பாருங்கள். சைடுவாலில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ரப்பர் வெடிப்பு விட்ட பழைய டயரில் பேட்ச் போடுவது வீண்.

இன்சூரன்ஸை நம்பி மாற்றிவிடாதீர்கள். சாதாரண பாலிசியில் டயர் மட்டும் போனால் பணம் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதி.

மாற்றுவது என்று முடிவானால் ஒரே அச்சில் இரண்டையும் மாற்றுவது உத்தமம். புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்லுங்கள், முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும்கூட. ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். இரண்டு வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் பாருங்கள். மற்ற டயர்களின் அளவிலேயே இருந்து, அதிகம் ஓடாமல், தேதியும் பழசாகாமல் இருந்தால் ஒரே ஒரு புது டயர் வாங்கி அதோடு ஜோடி சேர்த்துவிடலாம். பஞ்சரான டயர் பேட்ச் போடும் நிலையில் இருந்தால் அதை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள்.